ரெப்போ வட்டி என்றால் என்ன?

வங்கிகளுக்குக் கைப்பணம் குறையும்போது ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும். அதற்கு வாங்கும் வட்டிதான் ரெப்போ.

சும்மா தராது. வங்கி தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரங்களைக் கொடுத்து, "இத்தனை நாளில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதித் தர வேண்டும். அடகுக் கடையில் செயினை வைத்துப் பணம் வாங்கி, அப்புறம் வட்டியோடு மீட்கிறோமே, கிட்டத்தட்ட அதே கதை. சட்டப்படி இது அடகு இல்லை, விற்றுத் திரும்ப வாங்குவது. திரும்ப வாங்குவதற்கு ஆங்கிலத்தில் 'ரீபர்ச்சேஸ்', ரெப்போ என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

சரி, ஏன் ஏற்றி இறக்குகிறார்கள்? விலைவாசி எகிறினால் வட்டியைக் கூட்டுவார்கள். கடன் வாங்கத் தயங்குவோம், செலவு குறையும், விலையும் மெல்ல அடங்கும். தொழில் மந்தமானால் குறைப்பார்கள். பணவீக்க இலக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீதம் வரை விலகலாம்.

முடிவெடுப்பது 6 பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. ரிசர்வ் வங்கித் தரப்பில் 3 பேர், மத்திய அரசு நியமிப்பவர்கள் 3 பேர். ஓட்டு சமமானால் ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. 2025 பிப்ரவரியில் ரெப்போவை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கினார்கள், ஏறக்குறைய 5 ஆண்டுகளில் முதல் குறைப்பு.

ரெப்போ குறைந்ததும் எல்லோருடைய மாதத் தவணையும் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலையான வட்டியில் வாங்கிய கடனுக்கு ஒரு பைசா மாறாது.