மனநலக் கோப்பு யாருடையது?

பெங்களூரில் மனநல மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தையும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தையும் வைத்து, நகரின் பல பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அல்சூர்: என் மகனுக்கு 24 வயது. கோப்பின் நகல் கேட்டால் அவன் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். பெற்றவளுக்கு உரிமை இல்லையா?

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் அவர்கள் கேட்டது சரிதான். சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் அதைத் தடுக்கத் தேவையானதை மட்டும் சொல்லலாம். நோயாளியின் பிரதிநிதிக்கும் தகவல் தரலாம், அந்தப் பொறுப்புக்கு வேண்டிய அளவில். உங்கள் மகன் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு உங்களைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். மாத்திரை எத்தனை வேளை, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே அழைத்துவர வேண்டும் என்பதையெல்லாம் அவனையும் உட்காரவைத்து மருத்துவரிடம் கேளுங்கள். கோப்பில் அவன் உங்களைப் பற்றியே பேசியிருக்கலாம். அப்படிப் பேச ஓர் இடம் இருந்ததால்தான் அவன் சிகிச்சைக்கு வந்துகொண்டிருக்கிறான்.

நகல் கையில் கிடைத்தால் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

கே.ஆர்.புரம்: என் சொந்தக் கோப்பையே தர மறுக்கிறார்கள்.

25ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. உள்நோயாளியாக இருந்திருந்தால் இந்தச் சட்டத்தின் 2018 விதிகளின்படி எழுதிக் கொடுங்கள். 15 நாளில் அடிப்படைப் பதிவுகள் தர வேண்டும். உங்களுக்குக் கடுமையான மனப் பாதிப்போ பிறருக்குத் தீங்கோ வரும் என்றால் குறிப்பிட்ட தகவலை மட்டும் நிறுத்திவைக்கலாம். அப்போதும் தகவலைத் தரச் சொல்லி உத்தரவிடக்கூடிய மனநல ஆய்வு வாரியத்தை நீங்கள் அணுகலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஒயிட்பீல்டு: காப்பீட்டுப் படிவத்தில் மனநல சிகிச்சை எடுத்ததை மறைக்கலாமா?

கூடாது. நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பொய் எழுதினால் பிறகு பணம் கிடைக்காமல் போகலாம்.

சிவாஜி நகர்: மாப்பிள்ளைப் பையன் சிகிச்சை எடுத்தானா என்று விசாரிக்க முடியுமா?

மருத்துவமனையில் முடியாது. பையனிடம் கேளுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி: மனைவியின் மருந்துச்சீட்டைப் படம் எடுத்து அவள் அண்ணனுக்கு அனுப்பினேன். கணவனுக்குத் தெரியாத ரகசியம் எதற்கு?

ஐயா, தாலி கட்டியதால் கோப்பு உங்களுடையதாகிவிடாது. வழக்கு என்றால் நீதிமன்றம் வழியாகக் கேளுங்கள். இப்படிக் கோப்பின் ஒரு பக்கம் உறவினர் வட்டத்தில் சுற்றியதும் ஒரு பெண் சிகிச்சையையே நிறுத்திவிட்டார். ஆறு மாதம் கழித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று பதிவேட்டில் அவர் பெயரை எழுதியவன் நான். அந்தப் படத்தை இன்றே அழியுங்கள். அண்ணனையும் அழிக்கச் சொல்லுங்கள்.

ஜெயநகர்: தம்பியின் கோப்பு வேண்டும்.

அல்சூர் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பானஸ்வாடி: எந்த மாத்திரை நல்லது?

அது மருத்துவர் சொல்ல வேண்டியது. அவசரம் என்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.