பச்சைப் புள்ளி இருந்தால் ஹலாலா?

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. பாக்கெட்டில் 471, 631 என்ற எண்கள் இருந்தால் அது பன்றிக் கொழுப்பு, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். எங்கள் வீட்டு பிஸ்கட்டிலும் சிப்ஸிலும் அந்த எண்கள் இருக்கின்றன, பச்சைப் புள்ளியும் இருக்கிறது. எதை நம்புவது? (வாசகி, ஆம்பூர்)

பதில்: பட்டியலை விட்டுவிடுங்கள் சகோதரி, புள்ளியைப் பாருங்கள். அந்த எண் சேர்க்கப்பட்ட பொருள் எது என்று மட்டும் சொல்லும். எதிலிருந்து எடுத்தது என்று சொல்லாது. 471 கொழுப்பிலிருந்து செய்யும் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள். பாமாயிலிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். 631 மசாலா சிப்ஸிலும் நூடுல்ஸிலும் போடும் சுவைகூட்டி. மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கிறார்கள், மாவுப்பொருளை நொதிக்க வைத்தும் எடுக்கிறார்கள்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் இந்த வித்தியாசத்தைச் சொல்வதற்குத்தான் புள்ளி. விலங்கிலிருந்து வந்த எது சேர்ந்தாலும் பழுப்பு முக்கோணம் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. (முன்பு பழுப்பு வட்டம் இருந்தது.) 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த 631-ஐயே எடுத்துக்காட்டி, எவ்வளவு சிறிய அளவில் சேர்த்தாலும் அது தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதை மறைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. ஆகவே பச்சைப் புள்ளியுள்ள பாக்கெட்டில் 471, 631 இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கிக் குப்பையில் போடுவது வீண்விரயம், அதுவும் மார்க்கத்தில் கண்டிக்கப்பட்டதுதானே.

ஆனால் அந்தப் புள்ளி சைவமா என்று மட்டுமே சொல்லும், ஹலாலா என்று சொல்லாது. பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றை விதியே விலக்கி வைத்திருக்கிறது. மிட்டாய்க்குப் பளபளப்புத் தரும் 904 என்பது அரக்கு. பூச்சி சுரக்கும் பிசின் அது. அதை அனுமதிக்கும் ஆலிம்கள் உண்டு, தயங்குபவர்களும் உண்டு. மதுவைப் பற்றியும் புள்ளி எதுவும் சொல்லாது. ரம், ஒயின் என்ற பெயர் பொருள் பட்டியலில் இருந்தால் பச்சைப் புள்ளி இருந்தாலும் வைத்துவிடுங்கள். எசன்ஸைக் கரைக்கச் சேர்க்கும் ஆல்கஹால் வேறு விஷயம். மதுபானத் தயாரிப்பிலிருந்து வராததாக இருந்து, முடிவில் உணவில் 0.5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் கூடும் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011-இல் சொன்னது. உங்கள் ஜமாஅத் ஆலிம் என்ன சொல்கிறார் என்று கேட்டு அதன்படி நடங்கள்.

இன்னொன்று, பழுப்பு முக்கோணம் என்றாலே ஹராம் என்று முடிவு கட்ட வேண்டாம். முட்டை சேர்த்த கேக்குக்கும் அதே முக்கோணம்தான். கோழி, ஆட்டிறைச்சிச் சாறு போன்றவை சேர்ந்திருந்தால் அறுத்த முறை பற்றிய கேள்வி வருகிறது. அங்கே ஹலால் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் மகன் ஹரிபோ ஜெல்லி மிட்டாய் கொண்டு வந்தான். துபாயில் இருந்தபோது ஹலால் என்று பார்த்து வாங்கிய அதே கம்பெனிதான். சாப்பிடலாமா? (வாசகர், காயல்பட்டினம்)

பதில்: கம்பெனி ஒன்றுதான், மிட்டாய் ஒன்றல்ல. துருக்கியில் உள்ள அவர்களுடைய ஆலையில் மாட்டு ஜெலட்டினில் (தோல், எலும்பிலிருந்து எடுத்து மிட்டாயை இறுக வைக்கும் பொருள்) ஹலால் மிட்டாய் செய்கிறார்கள். ஜெர்மனியில் சாதாரணமாகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பன்றி ஜெலட்டின். உறையின் நிறமும் படமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்பதால் ஏமாந்துபோவது சுலபம். பின்பக்கம் திருப்பி எந்த நாட்டில் செய்தது என்று பாருங்கள், ஹலால் முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் தெளிவாக இல்லாமல் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால் வேண்டாம். பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் போட்டு இறுக வைத்த மிட்டாயில் இந்தச் சிக்கல் இல்லை.

இப்படி வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் தின்பண்டத்துக்கு நம் நாட்டுப் புள்ளி இருக்காது என்பதால் அங்கே ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். சிவப்பு நிறத்துக்கு 120 என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்த சாயம். ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி) ஆலிம்கள் பெரும்பாலும் கூடாது என்கிறார்கள். இந்தோனேசிய உலமா சபை 2011-இல் கூடும் என்றது.

கேள்வி: உறையில் அரபியில் ஹலால் என்று அச்சடித்திருந்தால் போதுமா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: போதாது. சான்று கொடுத்த அமைப்பின் பெயர் முத்திரையில் இருக்க வேண்டும். ஹலால் சான்று தரும் அரசு அமைப்புகளான மலேசியாவின் ஜாக்கிம், சிங்கப்பூரின் முயிஸ் இரண்டுக்கும் இணையத்தில் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. இந்தியாவில் தின்பண்டங்களுக்குச் சான்று தருபவை தனியார் அமைப்புகளும் அறக்கட்டளைகளும்தான்.

முத்திரை எதுவும் இல்லையா? உறையில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். 'இது ஹலாலா' என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகப் பதில் வரும். 'இந்த பேட்ச் எண்ணில் உள்ள 471 தாவரத்திலிருந்து வந்ததா? சுவையூட்டியில் ஆல்கஹால் உண்டா?' என்று கேளுங்கள். பச்சைப் புள்ளியே பொய் என்று தெரிந்தால் உறையையும் ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம்.