மண் அணையில் கசிவு: தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்

அறுபது வருட மண் அணை, கரையடியில் ஊற்று, குழந்தைகளோடு மதகுக்குக் கீழே குளிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருக்கிறதா, கலங்கலா என்பதுதான் விஷயம். கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரைக்குள்ளிருந்து மண் அரித்து வருகிறது. ஊற்றைச் சுற்றி எறும்புப் புற்று மாதிரி மணல் குவிந்திருந்தாலும் அதே கதைதான். அமெரிக்காவின் டீட்டன் அணை 1976-இல் இப்படி உள்ளரிப்பில்தான், காலையில் கலங்கல் கசிவு தெரிந்த சில மணி நேரத்திலேயே, உடைந்தது.

தெளிந்த நீர் என்றால் பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று குறியுங்கள், அன்றைய நீர்மட்டத்தோடு. மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ, கலங்கினாலோ உடனே நீர்வளத் துறை உதவிப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

களிமண் வைத்து அடைக்காதீர்கள். அழுத்தம் ஏறி வேறு இடத்தில் பீறிடும். ஊற்றின்மேல் போடவேண்டியது மணல், மேலே சின்ன ஜல்லி, அதற்குமேல் பெரிய ஜல்லி: தண்ணீரை வெளியே விட்டு மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி அது. அதுவும் நீர்வளத் துறையினர் வேலை.

குளியல்? மதகடியில் வேண்டவே வேண்டாம். கர்நாடகாவின் துங்கபத்ரா அணையில் 2024 ஆகஸ்டில் ராத்திரி 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்து தண்ணீர் பாய்ந்தபோது சைரனுக்கு ஏது நேரம்?