கொழுப்பு கரைந்தால் குரலும் கரையுமா?

கேள்வி: ஒன்பது மாதத்தில் 16 கிலோ குறைத்தேன். இப்போது ஐந்து கட்டை சுருதியில் தாரஸ்தாயி பஞ்சமத்தில் (மேல் ஸ்தாயியின் ‘ப’ ஸ்வரத்தில்) நிற்க முடியவில்லை. கொழுப்போடு சாரீரமும் (குரல் வளமும்) போய்விட்டதா?

பதில்: இல்லையம்மா. நாதம் பிறப்பது இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத குரல் நாண்களில். நீங்கள் சொல்லும் பஞ்சமத்தில் அவை நொடிக்கு 588 தடவை அதிர வேண்டும். அதற்கு வயிற்றுத் தசையும் விலாத் தசையும் மூச்சை ஒரே சீராக விடவேண்டும். அரைப் பட்டினி கிடந்து இளைத்தால் அந்தத் தசையும் சேர்ந்து கரையும். மேற்கத்திய இசைநாடகப் (ஆபரா) பாடகி மரியா கல்லாஸ் 1953–54இல் முப்பது கிலோவுக்கு மேல் இளைத்தார். பின்னாளில் குரல் தளர்ந்ததற்கு அதுதான் காரணமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நீங்கள் பருப்பு, முட்டை, தயிர் என்று புரதத்தைக் கூட்டுங்கள். சுருதியை அரைக் கட்டை இறக்கி இரண்டு மாதம் அகார சாதகம் (‘ஆ’ என்று நீட்டிப் பாடும் பயிற்சி) செய்து பாருங்கள்.

கேள்வி: நின்று பாடினால் சரியாக இருக்கிறது. சப்பணமிட்டால் மூச்சு முட்டுகிறது.

பதில்: தொப்பை. உட்கார்ந்ததும் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். ஜமக்காளத்தை நாலு விரல் உயரத்துக்கு மடித்து அதன்மேல் உட்காருங்கள். அப்புறம், வேட்டிமேல் கட்டும் பெல்ட்டை ஒரு துளை தளர்த்துங்கள்!

கேள்வி: காலை சாதகத்தில் தொண்டை கரகரக்கிறது. சளி இல்லை. மிளகு, பனங்கற்கண்டு, அதிமதுரம் எல்லாம் பார்த்தாயிற்று.

பதில்: இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? டிசம்பர் கச்சேரி சீசனில் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் பத்தரைக்கு கேன்டீனில் அடை அவியல், பதினொன்றரைக்குப் படுக்கை என்று இருப்பவர்கள். வயிற்று அமிலம் ஏறிவந்து குரல்வளையின் பின்பக்கத்தை வீங்க வைக்கிறது. நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது வரும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு ஆறங்குலக் கட்டை கொடுங்கள். தலையணை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்வதால் கஷாயம் நாண்களைத் தொடுவதே இல்லை. வெந்நீர் ஆவி தொடும். அதிமதுரம் தினமும் மென்றால் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுங்கள். மூன்று வாரத்தில் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பால் குடித்தால் சளி கட்டுமா?

பதில்: கட்டாது. எச்சிலோடு கலந்து கொஞ்ச நேரம் கொழகொழப்பாகத் தோன்றும். மேடையேறும் முன் வேண்டாம், அவ்வளவுதான்.

கேள்வி: சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறது. குரலும் தடித்துவிட்டது. என்ன டயட்?

பதில்: டயட் இருக்கட்டும். நாளைக் காலையே தைராய்டு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.