சமூகப் பணியாளர்களை ஏன் கௌரவிக்க வேண்டும்?

தவிக்கும் குடும்பத்துக்கும் அதற்குக் கிடைக்க வேண்டிய உதவிக்கும் நடுவே நின்று வழி செய்து தருபவர்தான் சமூகப் பணியாளர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வளர்க்க விரும்பாத குழந்தையை அரசு வைக்கும் தொட்டிலில் விட்டுச் செல்லலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் சேலம் மாவட்டத்தில்தான் வந்தது. அரசு தொட்டில் வைத்துவிடலாம். வீடு வீடாகப் போய், முகம் கொடுக்காத மாமியாரிடமும் உட்கார்ந்து பேச ஆள் வேண்டுமே! அப்படிப் பிழைத்த குழந்தை செய்தியாவதில்லை. ஏற்காடு மலைப்பாதைத் தடுப்புச்சுவர் மாதிரிதான் இவர்கள் வேலை, இடிந்தால்தான் கண்ணில் படும். அதனால் பாராட்டைத் தேடிப்போய்த் தர வேண்டியிருக்கிறது. மார்ச் மூன்றாம் செவ்வாய், உலக சமூகப் பணி நாள். பொன்னாடை சரி, பயணப்படியை நேரத்துக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய மரியாதை என்பேன். அப்புறம், ‘சம்பளம் வாங்குபவருக்குப் பாராட்டு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு: முதுநிலைப் பட்டம் வரை படிப்பு உள்ள தொழில் இது, சம்பளம் வாங்குவதால் சேவை இல்லை என்றாகிவிடாது.