பத்தியைப் படிக்காமல் விடை சொல்லும் பெண்

அன்புள்ள ஐயா,

என் கணவர் ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறார். சில ஆண்டுகளாகச் சீனாவில், செஜியாங் மாகாணத்தின் யிவு நகரத்தில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரரின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் எம்.ஏ. ஆங்கிலம் என்று தெரிந்ததிலிருந்து மாலையானால் புத்தகத்தோடு மேலே வந்துவிடுவாள். பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத்தாளை ஜனவரியில் ஒருமுறை எழுதிவிட்டாள். மதிப்பெண் போதவில்லை, ஜூனில் மறுபடி எழுதப்போகிறாள்.

அவள் கொண்டுவந்த பழைய தாளில் வாசிப்புப் பகுதியை நானே போட்டுப் பார்த்தேன். நாலு பத்தி, பதினைந்து கேள்வி. எனக்கு மூன்று தப்பு, அவளுக்கு ஒன்றுதான். ஆனால் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் கேள்வியைப் படிக்கிறாள். அதிலுள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடுகிறாள். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு விடையைக் குறிக்கிறாள். அதுவும் பிடிபடாவிட்டால் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறாள்: நாலு ஆப்ஷனில் மூன்று குட்டை ஒரு நெட்டை என்றால் நெட்டை, மூன்று நெட்டை ஒரு குட்டை என்றால் குட்டை. பள்ளியில் எல்லாருக்கும் இது தெரியுமாம். மதிப்பெண் போவதெல்லாம் கடைசியில் எழுதும் பகுதியில்தான். இதுவரை ஓர் ஆங்கிலக் கதைப்புத்தகத்தைக்கூட அவள் முழுசாகப் படித்ததில்லை.

இது வாசிப்பைச் சோதிக்கும் தேர்வுதானா? நான் அவளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதா, இந்தத் தந்திரங்களையே தீட்டிக் கொடுப்பதா?

எம்.

அன்புள்ள எம்,

உங்களுக்குத் தப்பான மூன்றும் எந்தக் கேள்விகள் என்று நீங்கள் எழுதவில்லை. 'இதிலிருந்து என்ன ஊகிக்கலாம்', 'ஆசிரியரின் மனப்பான்மை என்ன', 'பொருத்தமான தலைப்பு எது' என்ற வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிறையப் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். நீங்கள் ஒரு பத்தியைப் படிக்கும்போது இதுவரை படித்த எல்லாமும் கூடவே வருகின்றன. நாலு ஆப்ஷனில் இரண்டு சரி என்று தோன்றும், இரண்டுக்கும் காரணம் சொல்லவும் முடியும். தேர்வுக்கு அந்தக் காரணங்கள் வேண்டாம். தாளில் அச்சாகியிருப்பதைத் தாண்டி ஓர் அடி போனாலும் தப்பு. அந்தப் பெண் தாண்டிப் போவதே இல்லை, அதனால் தப்பு செய்வதும் இல்லை.

நானும் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவன், வினாத்தாள் தயாரித்தவன். இந்த வகைக் கேள்வியில் சரியான விடையை எழுதுவது சுலபம். மற்ற மூன்றை எழுதுவதுதான் வேலை. ஒன்றில் பத்தியின் சொற்கள் அப்படியே இருக்க வேண்டும், பொருள் மட்டும் புரண்டிருக்க வேண்டும். ஒன்று உலகத்தில் உண்மையாக இருக்கலாம், பத்தியில் இருக்கக் கூடாது. இன்னொன்று பாதி சரி. கொஞ்சம் பேராவது அவற்றில் விழுந்தால்தான் அது பிள்ளைகளைப் பிரித்துக்காட்டும் கேள்வி. எல்லாரும் சரியாகப் போட்டுவிட்டால் வரிசைப்படுத்த அது உதவாது. 2025இல் காவ்காவ் என்ற இந்தப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வை எழுதச் சீனா முழுவதும் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 33 லட்சத்துக்கும் மேல். பெரிய மாகாணங்களில் நடுவரிசையில் ஒரே மதிப்பெண்ணில் ஆயிரம் பேருக்கு மேல் நிற்கிறார்கள். ஒரு வாசிப்புக் கேள்விக்கு இரண்டரை மதிப்பெண். அந்தப் பெண் நெட்டை குட்டை பார்ப்பதை அலட்சியமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

நேரத்தையும் பாருங்கள். 150 மதிப்பெண்ணுக்கு 120 நிமிடம். கேட்டல், கோடிட்ட இடம், இலக்கணம், இரண்டு எழுத்துப் பயிற்சிகள் எல்லாம் போக, நாலு பத்திக்கும் ஏழு வாக்கியங்களில் ஐந்தைப் பொருத்தும் ஐந்தாவது பத்திக்கும் சேர்த்து அரைமணியோ கொஞ்சம் கூடவோதான் மிஞ்சும். அதற்குள் ஒருவர் ரசித்துப் படிக்க முடியாது. தேடத்தான் முடியும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அவள் பார்க்காத பழைய தாள் ஒன்றை எடுத்துப் பத்திகளை மூடிவிட்டுக் கேள்விகளையும் ஆப்ஷன்களையும் மட்டும் காட்டுங்கள். கண்ணை மூடிக் குறித்தால் பதினைந்தில் நாலு சரியாக வரும். அவளுக்கு எட்டு, ஒன்பது வந்தால் அந்தக் கேள்விகள் வாசிப்பைச் சோதிக்கவில்லை, வேறு எதையோ சோதிக்கின்றன. அமெரிக்காவில் கல்லூரி நுழைவுக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை வைத்து 1990இல் வெளியான ஓர் ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். பத்தியைக் காட்டாமலே மாணவர்கள் குருட்டு அடியைவிட நன்றாகவே விடை சொன்னார்கள். ஆகவே இது சீனத்துக்கே உரிய குறை அல்ல. ஆப்ஷன் கொடுத்துக் கேட்கும் எந்த வாசிப்புத் தேர்விலும் இது வரக்கூடும்.

உங்கள் செஜியாங்கிலேயே 2017இல் ஒன்று நடந்தது. அது ஆங்கிலத்தாள் அல்ல, சீன மொழித்தாள். ஒரு சிறுகதையைக் கொடுத்திருந்தார்கள். கடைசி வரியில், செத்துப்போன மீனின் கண்ணில் விசித்திரமான ஒளி மின்னுகிறது. அந்த முடிவைப் பற்றிக் கேள்வி. தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கதையை எழுதியவரையே தேடிப்பிடித்து அந்த ஒளிக்கு என்ன அர்த்தம் என்று இணையத்தில் கேட்டார்கள். தேர்வு எதிர்பார்த்த விடை அவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். இதைச் சீனத்துக்குள்ளிருந்துதான் பார்க்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, சோங் அரசர்கள் காலத்திலேயே, அரசுத் தேர்வுத் தாளில் பெயரை மூடி ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எழுத்தர்களை வைத்து ஒவ்வொரு விடைத்தாளையும் மறுபடி நகலெடுத்து, அந்த நகலைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். 1905இல் அந்தத் தேர்வு முறை ஒழிந்தது. அதன் அடியில் இருந்த பயம் ஒழியவில்லை: திருத்துபவர் கைக்கு என் பிள்ளையின் எதிர்காலம் போய்விடக் கூடாது. 1966இல் நின்றுபோன நுழைவுத்தேர்வு 1977 குளிர்காலத்தில் திரும்ப வந்தபோது 57 லட்சம் பேர் எழுதினார்கள், 2 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு இடம் கிடைத்தது. இடையில் சில ஆண்டுகள் பரிந்துரையும் வர்க்கப் பின்னணியும் பார்த்து இடம் கொடுத்ததைக் கண்டவர்களுக்கு, யாருடைய தயவும் இல்லாமல் கிடைக்கும் மதிப்பெண் எவ்வளவு பெரிய விஷயம்! விடையைக் கணினி திருத்தினால் அதில் மாமன் மச்சான் கிடையாது. நாலு ஆப்ஷன் கேள்விக்கு அங்கே இருக்கும் மரியாதை இதிலிருந்து வருகிறது. அந்த மரியாதையை நானும் மதிக்கிறேன்.

ஆங்கிலம் உடனே முழுப் பாடமாக உள்ளே வரவில்லை. அதன் மதிப்பெண்ணில் 1980இல் 30 சதவீதம்தான் மொத்தத்தில் சேர்ந்தது. 1981இல் 50, 1982இல் 70, 1983இல்தான் நூறும். அப்போதைய தாள் பெரும்பாலும் இலக்கணமும் சொல்லும்தான். நீங்கள் குறைசொல்லும் இந்த வாசிப்புத் தேர்வு அதற்கு எதிராக வந்த சீர்திருத்தம். 1985இல் குவாங்டாங்கில் புதுவகை ஆங்கிலத் தேர்வைச் சோதனையாக நடத்தினார்கள். குவாங்சோவின் அயல்மொழிக் கல்லூரியைச் சேர்ந்த குய் ஷிச்சுன், லி சியாவ்ச்சூ இருவரும் அதற்கு முன்னின்றவர்கள். தேர்வை மாற்றினால் வகுப்பறை தானாக மாறும் என்பது அவர்கள் நம்பிக்கை. இலக்கண விதி கேட்பதை விட்டு வாசிப்பைக் கேட்டால் பிள்ளைகள் வாசிப்பார்கள். 1990இல் லி ஒரு கட்டுரை எழுதினார்: பாடப்புத்தகத்துக்கு வெளியே மாணவர்கள் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், தேர்வு வேலை செய்கிறது என்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து இதே தேர்வை ஆராய்ந்த சி லூசியா கண்டது வேறு. தயாரித்தவர்கள் நினைத்த மாற்றம் வகுப்பறைக்குள் வந்து சேரவில்லை, தாளின் வடிவத்துக்குத்தான் பயிற்சி நடக்கிறது என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்றே நினைக்கிறேன். புதிதாக வரும்போது தேர்வு பிள்ளைகளை வாசிக்கத் தள்ளுகிறது. பழகிய பிறகு அவர்கள் வாசிப்பை விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் படித்துக்கொள்கிறார்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள். மதிப்பெண் போவது எழுதும் பகுதியில் என்று. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

2016 அக்டோபரில் செஜியாங் ஒரு புதுக் கேள்வியை ஆங்கிலத்தாளில் கொண்டுவந்தது. சுமார் 350 சொல்லில் ஒரு கதையைக் கொடுத்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியம் மட்டும் இருக்கும். அங்கிருந்து மாணவர் சுமார் 150 சொல்லில் கதையை முடிக்க வேண்டும். 25 மதிப்பெண். பிறகு தேசியத் தாளுக்கும் போனது. வாசிப்பையும் எழுத்தையும் பிரிக்காமல் கற்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடிய வாங் சூமிங் என்ற பேராசிரியரின் சிந்தனை இதற்குப் பின்னால் இருக்கிறது. எழுத்துப் பகுதியில் வைத்திருக்கிறார்கள் என்றாலும், அந்தத் தாளிலேயே உண்மையான வாசிப்புத் தேர்வு இதுதான் என்பது என் எண்ணம். இதில் தேடிப்பிடிக்க எதுவும் இல்லை. அண்ணன் எதற்குக் கோபமாக இருக்கிறான், மூன்றாம் வரியில் மேசைமேல் வைத்த சாவி என்ன ஆனது, அம்மாவுக்கு இந்த விஷயம் தெரியுமா தெரியாதா, கதை எந்தக் குரலில் போகிறது என்பதெல்லாம் மனதில் இருந்தால்தான் அடுத்த வாக்கியம் வரும். ஒழுங்காகப் படிக்காதவருடைய கதையில் இரண்டாவது வரியிலேயே அம்மாவுக்குத் தெரியாத விஷயம் தெரிந்துவிடும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பயிற்சிப் புத்தகங்கள் கண்ணீர் வழிவதற்கும் நெஞ்சு படபடப்பதற்கும் அலங்கார வாக்கியங்களைத் தயாராக அச்சிட்டுத் தருகின்றன, பிள்ளைகள் மனப்பாடம் செய்து எந்தக் கதையிலும் கொண்டுபோய் வைக்கிறார்கள். உங்கள் மாணவியும் செய்வாள் என்று நினைக்கிறேன். இரண்டு பேர் தனித்தனியே திருத்துகிறார்கள், வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவருக்குப் போகிறது. ஆனாலும் மனிதர் திருத்துவது மனிதர் திருத்துவதுதான். அங்கே மக்களுக்கு இது எவ்வளவு தொட்டால் சுடுகிற இடம் என்பதை 2018 நவம்பரில் செஜியாங் பார்த்தது. ஆங்கிலத்தாள் கடினமாக இருந்தது என்று, முடிவு வெளியிடும்போது வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகளுக்கு எடை கூட்டி மதிப்பெண்ணை மாற்றிப்போட்டார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அதை ரத்துசெய்து பழைய மதிப்பெண்ணையே திரும்பக் கொடுத்தார்கள். மாகாணக் கல்வித்துறையின் தலைவர் பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டுக்காரருக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

ஆகவே வாசிப்பா, தந்திரமா என்று நீங்கள் பிரித்துக் கேட்பது அந்தப் பெண் விஷயத்தில் பொருந்தாது. தந்திரத்தால் எடுக்கக்கூடியதை அவள் எடுத்துவிட்டாள், பதினைந்தில் பதினான்கு. பாக்கி இருக்கும் மதிப்பெண் வாசித்தால் மட்டும் வரும். ஜூன் வரை நீங்கள் அவளுக்குப் பாசேஜ் கொடுக்கவே வேண்டாம், அதைப் பள்ளி போதும் போதும் என்று கொடுக்கும். கதை கொடுங்கள். அவளுக்குத் தெரிந்த மூவாயிரம் ஆங்கிலச் சொல்லுக்குள் அடங்கும் சின்னக் கதைகள், சுருக்கி எழுதியவையானாலும் பரவாயில்லை. பாதியில் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். சீனத்தில் சொன்னாலும் சரி, கைகாட்டிச் சொன்னாலும் சரி. 'ஏன் அப்படி நினைக்கிறாய், கதையில் எந்த இடம் உன்னை அப்படி நினைக்க வைத்தது' என்று கேளுங்கள். அந்த இடத்தை அவள் புரட்டிக் காட்ட வேண்டும். பிறகு அவள் சொன்னதை ஆங்கிலத்தில் நாலே வரி எழுதச் சொல்லுங்கள், அலங்கார வாக்கியம் ஒன்றுகூட இல்லாமல். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறந்து, கதாசிரியர் என்ன செய்திருக்கிறார் என்று இருவரும் சேர்ந்து படியுங்கள். அவள் எழுதியதுதான் நன்றாக இருக்கிறது என்று சில நாள் உங்களுக்கே தோன்றும். தோன்றினால் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் அவள் பொறுமை இழப்பாள். இதற்கு மதிப்பெண் உண்டா என்று கேட்பாள். 25 உண்டு என்று சொல்லுங்கள், அவள் புரிந்துகொள்ளும் கணக்கு அது. ஜனவரித் தாளில் அந்தக் கேள்விக்கு அவள் என்ன எழுதினாள் என்பதை நினைவிலிருந்து மறுபடி எழுதவைத்து முதலில் அதைப் பாருங்கள். கொடுத்த கதைக்கும் அவள் எழுதியதற்கும் எங்கே தொடர்பு அறுந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

நெட்டை குட்டை சூத்திரத்தை அவளிடமிருந்து பிடுங்க வேண்டாம். தப்பான விடைக்கு அந்தத் தேர்வில் மதிப்பெண் குறைப்பதில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் குறிக்காமல் கிடக்கும் கட்டங்களுக்கு அதை வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.