வளைவோடு திரும்பிவிடாதீர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையைப் பற்றிப் பத்து வரி எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. எனக்கு மகிழ்ச்சிதான். அந்தச் சாலை நீண்டுபோய் முடிகிற லா தெஃபான்ஸ் அலுவலகப் பகுதியில் பதினாறு வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அதைப் பற்றி எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காது.

கேள்வி: பாரிஸில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். ஷான்ஸெலிஸேயில் நடந்து, வெற்றி வளைவு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டால் போதாதா? லா தெஃபான்ஸ் வெறும் ஆபீஸ் கட்டடங்கள், அங்கே போவது வீண் என்கிறார் என் அண்ணன்.
– வாசகி, திருச்சி

அண்ணன் சொல்வது பாதி சரி. அங்கே இருப்பவை ஆபீஸ் கட்டடங்கள்தான். ஆனால் நீங்கள் போக வேண்டியது, ஒரு நேர்கோட்டின் மறுமுனையில் நின்று திரும்பிப் பார்ப்பதற்கு.

லூவர் அரண்மனை முற்றத்தில் ஆரம்பியுங்கள். துய்லெரி தோட்டம், கான்கார்ட் சதுக்கத்து எகிப்துக் கல்தூண், ஷான்ஸெலிஸே, வெற்றி வளைவு, அதற்கப்பால் நெய்யி என்ற புறநகர், சேன் நதிப் பாலம், கடைசியில் லா தெஃபான்ஸின் பெரிய வளைவு. நூல் பிடித்த மாதிரி சுமார் 8 கிலோமீட்டர். வெற்றி வளைவை எட்டும்போது அதில் பாதிகூட முடிந்திருக்காது. அத்தனை பேரும் அங்கேயே திரும்பிவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

1667-இல் அரசரின் தோட்டக்கலைஞர் ஆந்த்ரே லெ நோத்ர், துய்லெரி தோட்டத்து நடைபாதையை மேற்கே ஊருக்கு வெளியே நீட்டினார். இரண்டு பக்கமும் மரம் வைத்தார். ஷான்ஸெலிஸேயின் பிறப்பு அவ்வளவுதான். 1806-இல் நெப்போலியன் அதன் மேட்டில் வளைவு கட்டச் சொன்னார். கட்டி முடித்தது 1836-இல், அவர் இறந்து 15 வருஷம் ஆன பிறகு. லக்சரிலிருந்து கொண்டுவந்த, 3,000 வருஷத்துக்கும் பழைய கல்தூணைச் சதுக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தியதும் அதே 1836-இல்தான். 1958-இல், நதிக்கு அப்பால் ஓர் அலுவலக நகரம் எழுப்ப அரசு தனி அமைப்பு ஒன்றை உருவாக்கியது. பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாவது ஆண்டான 1989-இல் பெரிய வளைவைத் திறந்தார்கள். இடையில் எத்தனையோ ஆட்சிகள் வந்துபோயின. வந்தவர்கள் அதே நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள். எனக்கு அதுதான் வியப்பு.

ஒரு நாள்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். காலையில் துய்லெரியிலிருந்து நடங்கள். ஷான்ஸெலிஸே 1.9 கிலோமீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். கீழ்ப்பாதி தோட்டம், மேல்பாதி கடைகள். மெல்ல மேடேறும், அதனால் அவசரம் வேண்டாம். வளைவைச் சுற்றிப் போகிற வட்டத்தில் 12 சாலைகள் வந்து சேர்கின்றன. உள்ளே நுழைகிற வண்டிக்குத்தான் அங்கே முன்னுரிமை. வளைவு கண்ணெதிரே இருக்கிறதே என்று தரையில் குறுக்கே கடக்க முயற்சிக்காதீர்கள், சுரங்கப்பாதை இருக்கிறது.

அங்கிருந்து லா தெஃபான்ஸுக்கு நடக்க வேண்டாம். நெய்யி நெடுக வண்டி இரைச்சல்தான். 1-ஆம் தட மெட்ரோவில் முதல் பெட்டியில் ஏறுங்கள். 2012 முடிவிலிருந்து அந்தத் தடம் முழுக்க ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. அதனால் முன்கண்ணாடி பயணிகளுக்குத்தான். சுரங்கத்தின் விளக்குகள் இரண்டு பக்கமும் ஓட, நெய்யி பாலம் வந்ததும் சட்டென்று வெளிச்சம், கீழே சேன் நதி, எதிரே கோபுரங்கள். வேலைக்குப் போகும் நாள்களில்கூட அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் முதல் பெட்டியில்தான் ஏறுவேன்.

இறங்கும் இடம் முக்கியம். கடைசி நிறுத்தமான லா தெஃபான்ஸில் இறங்கினால் பூமிக்கடியில் கடைகளுக்கு நடுவே வழி தேடுவீர்கள். அதற்கு முந்தைய ‘எஸ்ப்ளனாத் த லா தெஃபான்ஸ்’ நிறுத்தத்தில் இறங்கி மேலே வாருங்கள். பரந்த தளத்தில் மெல்ல ஏறி நடக்க நடக்க, பெரிய வளைவு அடிக்கு அடி வளரும். அதன் படிகளில் உட்கார்ந்து வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். காலையில் அண்ணாந்து பார்த்த வெற்றி வளைவு, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் தூரத்தில் நிற்கும்.

மாலை 6.30-க்குள் வெற்றி வளைவுக்குத் திரும்பிவிடுங்கள். முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத சிப்பாய் ஒருவரின் கல்லறை வளைவின் அடியில் இருக்கிறது. அங்கே எரியும் சுடரை 1923 நவம்பர் 11 முதல் தினமும் அந்த நேரத்தில் தூண்டிவிடுகிறார்கள். ஜெர்மன் படை நகரத்தைப் பிடித்திருந்த வருஷங்களிலும் அது நிற்கவில்லை. கீழே நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது. வயதான முன்னாள் வீரர் ஒருவர் கொடியைப் பிடித்துக்கொண்டு கை நடுங்க நிற்பதை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே வண்டிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. உள்ளே யாரும் பேசவில்லை.

கேள்வி: ஷான்ஸெலிஸே புல்வாரா, அவென்யூவா? இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.
– வாசகர், தஞ்சாவூர்

அவென்யூ. புல்வார் என்ற சொல்லுக்கு மூலம் கோட்டைக் கொத்தளம். நகரத்தின் பழைய மதிலை இடித்த இடத்தில் மரம் நட்டுப் போட்ட சாலைகளுக்கு அந்தப் பெயர் வந்தது. அவென்யூ என்றால் ஓர் இடத்துக்கு வந்துசேரும் வழி. ஷான்ஸெலிஸே மதில்மேல் போட்டதில்லை.

கேள்வி: சிவில் படிக்கிறேன். லா தெஃபான்ஸின் பெரிய வளைவு சற்றுக் கோணலாக நிற்பதாகப் படித்தேன். இவ்வளவு நேரான கோட்டின் முடிவில் அப்படிக் கட்டியது தவறில்லையா?
– மாணவர், கோவை

நல்ல கேள்வி. கோணல் உண்மைதான், 6.33 டிகிரி. ஆனால் தெரிந்தே செய்தது. அந்த இடத்துக்கு அடியில் மெட்ரோ, புறநகர் ரயில், நெடுஞ்சாலை மூன்றும் போகின்றன. 110 மீட்டர் உயரக் கட்டடத்தின் அஸ்திவாரத் தூண்களை அவற்றுக்கு இடையில் இறக்க வேண்டும். நேராக வைத்தால் தூண்களுக்கு இடமில்லை, திருப்பினால் இருந்தது.

அப்புறம் ஓர் அழகு பாருங்கள். கோட்டின் மறுமுனையில் இருக்கும் லூவர் அரண்மனையும் ஏறக்குறைய இதே அளவு திரும்பித்தான் நிற்கிறது. கண்ணுக்கும் இந்தத் திருப்பம் நல்லது. நேராக நின்றிருந்தால் படச்சட்டம் மாதிரி தட்டையாகத் தெரிந்திருக்கும். இப்போது ஒரு பக்கத்து உள்சுவர் தெரிகிறது, கட்டடத்தின் ஆழம் புரிகிறது. நீங்கள் போனால் தளத்தின் நடுவில் நின்று முதலில் இடது உள்சுவரை, பிறகு வலது உள்சுவரைப் பாருங்கள். எது அதிகம் தெரிகிறது என்று கவனித்தால் போதும், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

இதை வடிவமைத்தவர் யோஹான் ஓட்டோ வொன் ஸ்ப்ரெக்கல்சன் என்ற டென்மார்க்காரர். பாதியிலேயே பொறுப்பிலிருந்து விலகினார், 1987-இல் இறந்துவிட்டார். பால் ஆந்த்ரூ முடித்துக்கொடுத்தார். தன் வளைவு எழுந்து நின்றதை அந்த மனிதர் பார்க்கவில்லை என்பது, அதைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வரும்.

பக்கத்திலேயே க்னித் என்ற பழைய கண்காட்சிக் கூடத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். 1958-இல் கட்டியது. அதன் கான்கிரீட் கூரை மூன்றே முனைகளில் தரையைத் தொடுகிறது, இடைவெளி 218 மீட்டர். சிவில் மாணவருக்கு வேறென்ன வேண்டும்.

கேள்வி: கோபுரங்களை ஏன் நகரத்துக்குள் கட்டாமல் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?
– வாசகர், ஈரோடு

நகரத்துக்குள்ளும் ஒன்று கட்டிப் பார்த்தார்கள். 1973-இல் மோன்பர்னாஸ் கோபுரம், 210 மீட்டர். ஊரே முகம் சுளித்தது. 1977-இல் நகரத்துக்குள் உயர வரம்பு 37 மீட்டர் என்று விதித்தார்கள். லா தெஃபான்ஸ் பாரிஸ் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது, அதனால் அங்கே ஓங்கி வளர முடிந்தது. என்னைக் கேட்டால் இது சரியான முடிவு.

கேள்வி: லா தெஃபான்ஸ் போகும்போது சீட்டு விஷயத்தில் ஏமாந்து அபராதம் கட்டியதாக உறவினர் சொன்னார். என்ன சிக்கல் அது?
– வாசகி, நாகர்கோவில்

நானும் கட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அப்போதெல்லாம் நகரச் சீட்டு 1-ஆம் தட மெட்ரோவில் லா தெஃபான்ஸ் வரை செல்லும். அதே நிலையத்துக்குப் போகிற புறநகர் ரயிலில் செல்லாது. எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளியேறும் கதவில் சீட்டைப் போட்டேன், திறக்கவில்லை. மறுபடி போட்டேன். பின்னால் வரிசை நின்றுவிட்டது. பரிசோதகர் வந்தார், மொழியும் சரியாக வராத நேரம், அந்த வாரச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் போனது. புதிதாக வருபவர்கள்தான் அதில் மாட்டினார்கள், அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

2025 ஜனவரியில் அதை மாற்றிவிட்டார்கள். மெட்ரோவுக்கும் புறநகர் ரயிலுக்கும் ஒரே சீட்டு, அப்போது வைத்த விலை 2.50 யூரோ. ஆனால் பஸ்ஸுக்கும் விமான நிலையத்துக்கும் தனிச் சீட்டு வேண்டும், அதை மறக்காதீர்கள்.

கேள்வி: லா தெஃபான்ஸ் என்றால் ‘பாதுகாப்பு’ என்கிறது அகராதி. ராணுவ இடமா?
– வாசகர், மதுரை

இல்லை, ஒரு சிலையின் பெயர். 1870–71 போரில் முற்றுகைக்கு ஆளான பாரிஸைத் தற்காத்தவர்களின் நினைவாக லூயி-எர்னெஸ்த் பரியாஸ் செய்த வெண்கலச் சிலை, 1883-இல் வைத்தது. இன்று நூற்றைம்பது, இருநூறு மீட்டர் கோபுரங்களுக்கு நடுவே நிற்கிறது. பலர் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

பாரிஸ் நகரம் ஒரு பெண்ணாக, சிப்பாயின் மேலங்கி போட்டுக்கொண்டு பீரங்கியில் சாய்ந்து நிற்கிறாள். காலடியில் ஓர் இளம் வீரன் துப்பாக்கியில் கடைசித் தோட்டாவைப் போடுகிறான். முன்பக்கம் அவ்வளவுதான், படம் எடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். பின்பக்கம் ஒரு சின்னப் பெண் குறுகி உட்கார்ந்திருக்கிறாள். ஊரின் பசியும் துன்பமும் அவள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோபுரங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் இறங்கி வருவார்கள், கட்டடங்களுக்கு நடுவே காற்று ஆளைத் தள்ளும். அந்தச் சிலைக்குப் பின்னால் நின்றால் காற்று கொஞ்சம் குறையும். அங்கே நின்றுதான் பல நாள் ரொட்டி சாப்பிட்டேன், அவள் முகத்துக்கு நேராக.

கேள்வி: எந்த நாளில் போனால் நல்லது?
– வாசகி, புதுச்சேரி

மாதத்தின் முதல் ஞாயிறு. 2016 மே மாதத்திலிருந்து அன்று ஷான்ஸெலிஸேயில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், சாலையின் நட்டநடுவில் நடக்கலாம். ஆனால் லா தெஃபான்ஸில் ஆள் நடமாட்டம் பார்க்க வேண்டுமென்றால் வேலை நாள்தான் சரி. மே 10-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டியும் அங்கே இருந்தீர்களானால் மாலையில் ஷான்ஸெலிஸேயின் கீழ்ப்பக்கம் நில்லுங்கள். அந்த நாள்களில் சூரியன் வெற்றி வளைவின் நடுவே இறங்கும். பாரிஸில் அப்போது இரவு ஒன்பதுக்கு மேல்தான் அஸ்தமனம், சாப்பிட்டுவிட்டே போகலாம்.